புண்ணே இல்லாத உதட்டிலிருந்து ஹெர்பிஸ் எப்படிப் பரவுகிறது? மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். உதட்டுக் கொப்புளத்துக்குக் களிம்பு வாங்க வருகிறவர்கள் களிம்பைச் சத்தமாகத்தான் கேட்பார்கள். அடுத்து ஒரு கேள்வி இருக்கும். அதற்குத்தான் கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, குளுக்கோஸ் பாக்கெட்டின் விலையைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருப்பார்கள். பெண்கள் என்றால் "அக்கா, ஒரு நிமிஷம்" என்பார்கள். ஆண்கள் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு கேட்பார்கள்.

அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சை எழுத்தாக்கியதைத் தவிர, கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. நோயைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அவர்கள் வேலை. ஆனால் இந்தக் கொப்புளத்தின் பெயரால் வீடுகளில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மருத்துவரே தேவையில்லை, விவரம் தெரிந்தால் போதும்.

உதட்டு ஓரத்தில் கொத்தாகப் பொரிகிறதே, அது சூடா, பூச்சிக்கடியா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. எச்.எஸ்.வி.-1 என்கிற ஹெர்பிஸ் வைரஸ். முதலில் அந்த இடம் குறுகுறுக்கும், பிறகு சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் நெருக்கமாகக் கிளம்பும், உடையும், தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும், ஏழிலிருந்து பத்து நாட்களில் தழும்பில்லாமல் ஆறும். ஆறு மாதம் கழித்து ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடி வரும். பூச்சி எதுவும் ஒரே இடத்தைத் தேடி வந்து கடிப்பதில்லை.

காய்ச்சலுக்குப் பின் வருவதால் "காய்ச்சல் உதட்டு வழியாக இறங்கிவிட்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் நிம்மதி அடைவார்கள். காய்ச்சல் இதைக் கிளப்பிவிடுகிறது என்பது சரி. ஆனால் கிளம்பிய வைரஸ் அதற்கு வெகு காலம் முன்பே உடம்பில் குடியேறிவிட்ட ஒன்று. ஒரு முறை நுழைந்தால் அது முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில், காதுக்கு முன்னே மண்டையோட்டுக்குள், ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். அங்கிருந்து அதை வெளியேற்ற இன்றுவரை மருந்து கிடையாது.

வாய்க்குள் வரும் புண்ணும் இதுதானா? மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டால் போய்விடுமா?

கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் அடியிலோ வெள்ளைக் குழியாக வந்து, காரம் பட்டால் உயிர் போகிற மாதிரி எரியும் வாய்ப்புண் வேறு. அது வைரஸ் அல்ல, யாருக்கும் ஒட்டாது. கீரை தாராளமாகச் சாப்பிடுங்கள். உதடு சேரும் கடைவாயில் வெடித்து எரிவதும் பெரும்பாலும் வேறு விஷயம்தான். மாங்காய்ப் பால் பட்டு உதடு பொத்துப்போவதையும், வெற்றிலையில் சுண்ணாம்பு கூடி வெந்துபோவதையும் ஹெர்பிஸ் என்று பயந்து வந்தவர்கள் உண்டு.

அக்கி என்கிறார்களே. காவி எழுதினால் ஆறிவிடும் என்று மாமியார் சொல்கிறார்.

பெரியவர்கள் அக்கி என்று காவி எழுதிக்கொள்ளும் நோய் பெரும்பாலும், உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக வருவது. அது சின்னம்மை வைரஸ் பல வருடம் கழித்துத் தலைதூக்குவதால் வருகிறது. உதட்டுக் கொப்புளத்தின் வைரஸ் அதற்குப் பங்காளி முறை, அவ்வளவுதான். எதுவும் செய்யாவிட்டாலும் பத்து நாளில் ஆறக்கூடிய உதட்டுக் கொப்புளத்துக்குக் காவி பூசினால், பெயர் காவிக்குப் போகிறது. மாமியாரிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. புண்ணின் மேல் பூசாமல் இருந்தால் சரி.

அக்கா, அவர் உதட்டில் ஒன்றுமே இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன். பிறகு எனக்கு எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

நரம்பு முடிச்சில் இருக்கும் வைரஸ் அவ்வப்போது நரம்பின் வழியாக உதட்டுக்கும் வாய்க்கும் இறங்கி வருகிறது. சில தடவை அது கொப்புளமாகத் தெரியும். பல தடவை அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தி அதற்குள் அதை அடக்கிவிடும். அப்போது தோலில் ஒரு புள்ளிகூடத் தெரியாது, வலியோ அரிப்போ இருக்காது, ஆனால் எச்சிலில் வைரஸ் இருக்கும். தினமும் வாயில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்த விஷயம். வைரஸ் உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் மாதத்தில் ஒரு முறையாவது இப்படி ஓசையில்லாமல் வெளிவருகிறது. சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்கு ஓரிரண்டு நாட்கள். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருவதைப் போலத்தான்: என்றைக்கு வரும், எவ்வளவு நேரம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வைரஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான் கண்ணுக்குத் தெரிகிற கொப்புளம் திரும்பத் திரும்ப வருகிறது. மற்றவர்களுக்கு ஆயுளில் ஒரு தடவைகூட வராமல் போகலாம். அவர்களிடமும் வைரஸ் வெளிவரத்தான் செய்கிறது. ஆகவே "எனக்கு வந்ததே இல்லை" என்று உங்கள் கணவர் சத்தியம் செய்தால், அது உண்மையாகவே இருக்கலாம். அவரிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பதும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை.

அது வெளியே வரும் நாளை முன்னாலேயே தெரிந்துகொள்ள வழியே இல்லையா?

கொப்புளம் கிளம்பப் போகும் தடவைகளுக்கு மட்டும் முன்னறிவிப்பு உண்டு. சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள் முன்பே உதட்டின் அந்த இடம் குறுகுறுக்கும், காந்தும், தொட்டால் இழுத்துப்பிடிப்பது போலிருக்கும். அடிக்கடி வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தக் குறுகுறுப்பு தொடங்கிய நிமிடத்திலிருந்து பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை முத்தமும் வேண்டாம், வாய்வழி உறவும் வேண்டாம். வைரஸ் மிக அதிகமாக இருப்பது கொப்புளம் கிளம்பிய முதல் ஓரிரு நாட்களில்.

ஓசையில்லாமல் வெளிவரும் நாட்களுக்கு எந்த அடையாளமும் கிடையாது. கண்ணாடியில் பார்த்தோ, டார்ச் அடித்தோ கண்டுபிடிக்க முடியாது. வெயில், காய்ச்சல், தூக்கமின்மை, மாதவிடாய், பல் பிடுங்கியது போன்ற சமயங்களில் வைரஸ் கிளம்ப வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அதை வைத்துக் காலண்டரில் நாள் குறிக்க முடியாது.

அப்படியானால் புண் இல்லாத நாளில் கொடுத்த ஒரு முத்தத்திலேயே ஒட்டிக்கொண்டுவிடுமா?

ஒரு முத்தத்தில் ஒட்டவும் கூடும், பல வருடம் சேர்ந்து வாழ்ந்தும் ஒட்டாமல் போகவும் கூடும். புண் இல்லாத நேரத்தில் எச்சிலில் இருக்கும் வைரஸின் அளவு, கொப்புளம் உள்ள நேரத்தைவிட மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு தடவைக்கும் ஆபத்து சிறியது. ஆனால் புண் இல்லாத நாட்கள்தானே வருடத்தில் பெரும்பாலான நாட்கள்? அந்த நாட்களில் யாரும் ஒதுங்கி இருப்பதில்லை. புண்ணைக் கண்டால் எல்லோரும் விலகிவிடுகிறார்கள். அதனால்தான் இந்த வைரஸ் இவ்வளவு பேரிடம் போய்ச் சேர்ந்ததில் சுத்தமாகத் தெரிந்த உதடுகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இதில் யாரும் யோசிக்காத ஒன்று உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே எச்.எஸ்.வி.-1 இருந்தால், அவரிடமிருந்து அதே வகை புதிதாக ஒட்டுவது மிக அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம், அதாவது 64 சதவீதத்தினரிடம், இந்த வைரஸ் இருக்கிறது. கவலையோடு கேட்க வருகிறவர்களில் பலரிடம் அது கேள்விக்கு முன்பே இருக்கிறது.

கல்யாணமாகிப் பத்து வருடம். இதுவரை எனக்கு வந்ததே இல்லை. இப்போது திடீரென்று வருகிறது என்றால், அவர் எங்கோ போய்விட்டு வந்தார் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இதைக் கேட்கும் பெண்கள் அழுகையை அடக்கிக்கொண்டு கேட்கிறார்கள், அதனால் முதலில் இந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறேன்.

எச்.எஸ்.வி.-1 பெரும்பாலும் சிறுவயதில் வந்து சேர்கிறது. பாட்டி முத்தம் கொடுத்திருப்பார், அத்தை தன் வாயில் ஊதி ஆறவைத்த சோற்றை ஊட்டியிருப்பார், எதிர்வீட்டு அக்கா தூக்கிக் கொஞ்சியிருப்பார். அப்போது அது சாதாரணக் காய்ச்சல், தொண்டை வலி, ஈறு வீக்கம் என்று போயிருக்கும். பலருக்கு அதுகூட இருந்திருக்காது. இருபது, முப்பது வருடம் நரம்பில் படுத்துக் கிடந்துவிட்டு, ஒரு டெங்கு காய்ச்சலுக்குப் பிறகோ, பிரசவத்துக்குப் பிறகோ, வீட்டில் ஒரு சாவு விழுந்த வாரத்திலோ முதல் முறையாகக் கொப்புளமாக வரலாம். உங்களுக்கு முதல் கொப்புளம் இப்போது வந்தது என்பதற்கு, உங்களுக்குத் தொற்று இப்போது வந்தது என்று பொருள் இல்லை.

இப்போதுதான் தொற்று வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அவரிடமும் அது சிறுவயது முதல் இருந்து, பத்தாவது வருடத்தில் உங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். மேலே சொன்ன ஓசையில்லாத நாட்களில் ஏதோ ஒன்று. அவர் உங்களுக்கு உண்மையாக இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. இந்தக் கொப்புளத்துக்கும் தெரியாது. உதட்டைக் காட்டி வாக்குமூலம் கேட்காதீர்கள். வேறு காரணங்களால் சந்தேகம் இருந்தால், அதை அந்தக் காரணங்களை வைத்தே பேசுங்கள்.

இவர் காசிமேட்டிலிருந்து தங்குகடல் போய் வந்தால்தான் வருகிறது. கரையில் இருந்தால் வருவதில்லை. கடலில் யாரிடமிருந்து?

யாரிடமிருந்தும் இல்லை, வெயிலிடமிருந்து. உதட்டின் மேல் படும் புற ஊதாக் கதிர் இந்த வைரஸை எழுப்பிவிடும் காரணங்களில் முக்கியமானது. விசைப்படகில் நாள் கணக்காக நிற்பவருக்கு மேலே சூரியன், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், உப்புக்காற்றில் வெடித்த உதடு, ராத்திரி வலை இழுப்பதில் கெட்ட தூக்கம் என்று எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இவருக்கு வருகிறதா என்று கவனித்துப் பாருங்கள் என்று ஒரு பெண்ணிடம் சொன்னேன். வருவதில்லை என்று யோசித்துச் சொன்னார்.

எஸ்.பி.எஃப். 30 உள்ள உதட்டுக் களிம்பு ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கூச்சப்படுவார்கள். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வதில் கூச்சமில்லை அல்லவா, அதே வேலைதான் இதுவும். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றுபவர்களுக்கும் எண்ணூர் பக்கம் திறந்தவெளியில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே பதில்.

ஒரே டம்ளரில் குடித்தால்? துண்டு? பாதி பீடி?

வைரஸ் உடம்புக்கு வெளியே அதிக நேரம் தாங்காது. காய்ந்துபோன டம்ளராலும் துண்டாலும் பரவுவது அரிது. எச்சில் ஈரத்தோடு உடனே வாய் மாறும் பாட்டில், பீடி, உதட்டுச்சாயம், சவர பிளேடு ஆகியவற்றைக் கொப்புளம் உள்ள நாட்களில் பகிர வேண்டாம். அண்ணாந்து குடிக்கிற பழக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒருவரை ஒதுக்கிவைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது தேவையே இல்லாத கொடுமை. பரவும் வழி தோலோடு தோல், வாயோடு வாய், தட்டு அல்ல.

வாயில் இருப்பது கீழே போகுமா? புரிகிறதல்லவா நான் கேட்பது?

புரிகிறது. போகும். உதட்டு ஹெர்பிஸ் உள்ளவர் வாய்வழி உறவு கொண்டால் துணையின் பிறப்புறுப்பில் எச்.எஸ்.வி.-1 தொற்றலாம். கொப்புளம் இல்லாத நாளிலும் தொற்றலாம், காரணம் முன்பே சொன்னதுதான். இப்போது பல நாடுகளில் இளம் வயதினருக்குப் புதிதாக வரும் பிறப்புறுப்பு ஹெர்பிஸில் கணிசமான பங்கு இந்த வழியில்தான் வருகிறது. ஆகவே பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் என்றவுடனே மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. தம்பதி இருவருமே வேறு யாரையும் தொடாமல் இருந்தும் இது நடக்கும்.

ஓர் ஆறுதல் உண்டு. எச்.எஸ்.வி.-1 பிறப்புறுப்பில் வந்தால், பெரும்பாலும் பிறப்புறுப்பிலேயே வரும் இரண்டாவது வகையான எச்.எஸ்.வி.-2 அளவுக்கு அடிக்கடி திரும்ப வருவதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இப்படிப் புதிதாகத் தொற்றியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. தொற்றிய இரண்டாவது மாதத்தில் 12 சதவீத நாட்களில் வைரஸ் வெளிவந்தது, 11-வது மாதத்தில் அது 7 சதவீதமாகக் குறைந்தது. அப்போதும் பெரும்பாலான நாட்களில் புண் எதுவும் தெரியவில்லை.

ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது, அது மூடாத தோலும் இருக்கிறதல்லவா. பெண்ணுக்குச் செய்யும்போது ஆணுறையை நீளவாக்கில் வெட்டி விரித்துத் தடுப்பாக வைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரித்துவிட்டு வாங்கிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

கர்ப்பப் பரிசோதனையில் ஹெர்பிஸ் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. வீட்டில் யாரிடமும் இன்னும் காட்டவில்லை.

காட்டுவதற்கு முன் தாளை ஒரு தடவை என்னோடு சேர்ந்து படியுங்கள். ஒரு கரு கலைந்துவிட்டால் "டார்ச்" என்ற பெயரில் ஒரு தொகுப்புப் பரிசோதனையை எழுதிக்கொடுப்பது இங்கே வழக்கம். அதில் ஹெர்பிஸுக்கு ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்று இரண்டு வரிகள் இருக்கும். பாசிட்டிவ் என்பது தடித்த எழுத்தில் இருக்கும். மீதியை யாரும் விளக்குவதில்லை.

ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால், எப்போதோ ஒரு காலத்தில் வைரஸ் உடம்பில் நுழைந்து, உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறது என்று பொருள். எப்போது என்றோ, யாரிடமிருந்து என்றோ அது சொல்லாது. வாயிலா, கீழேயா என்பதையும் சொல்லாது. வகை 1, வகை 2 என்று பிரிக்காமல் "1 மற்றும் 2" என்று சேர்த்துப் போட்டிருந்தால் அதன் பயன் இன்னும் குறைவு. மேலே சொன்ன 64 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்று என்று பலர் நினைக்கிறார்கள். ஹெர்பிஸைப் பொறுத்தவரை அது நம்பத் தகுந்ததல்ல. பழைய தொற்று மறுபடி கிளம்பும்போதும் அது வரலாம், வேறு வைரஸுக்கும் தவறாகக் காட்டலாம். நெகட்டிவ்வும் முழு ஆறுதல் அல்ல, தொற்றிய பின் எதிர்ப்பொருள் தெரிய 12 வாரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம்.

அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் சும்மா ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை என்பதே பெரும்பாலான மருத்துவ வழிகாட்டுதல்களின் நிலை. சந்தேகம் தீர வேண்டுமானால் கொப்புளம் புதிதாக இருக்கும்போதே அதிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து பி.சி.ஆர். செய்வதுதான் சரியான வழி. பொருக்குத் தட்டிய பிறகு போனால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

களிம்பு தடவினால் பரவாதா? மாத்திரை தினமும் போட்டால்?

அசைக்ளோவிர் களிம்பு புண் ஆறுவதைச் சற்றுத் துரிதப்படுத்தும், அதுவும் குறுகுறுப்பு வந்தவுடன் தொடங்கி ஒரு நாளில் ஐந்து வேளை தடவினால். எச்சிலில் வெளிவரும் வைரஸை அது நிறுத்தாது. ஆகவே களிம்பு தடவிக்கொண்டு முத்தம் கொடுக்கலாம் என்பது கணக்கில் வராது. மாத்திரைக்குப் பலன் அதிகம். வாலாசைக்ளோவிரை ஆரம்பக் குறுகுறுப்பிலேயே ஒரே நாள் மருந்தாக எழுதும் முறையும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும் என்பதால் மருத்துவர் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள்.

தினசரி மாத்திரை துணைக்குப் பரவுவதைக் குறைக்குமா என்பதற்கு எச்.எஸ்.வி.-2-ல் நல்ல சான்று இருக்கிறது. 1,484 தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. ஒருவர் தினமும் 500 மில்லிகிராம் வாலாசைக்ளோவிர் எடுத்துக்கொண்டபோது மற்றவருக்குப் பரவுவது 48 சதவீதம் குறைந்தது. பாதி குறைந்தது, பூஜ்யமாகவில்லை. உதட்டு ஹெர்பிஸுக்கு இதே அளவு உறுதியான தம்பதி ஆய்வு கிடையாது. வருடத்தில் பல தடவை கொப்புளம் வந்து அவதிப்படுகிறவர்களுக்கு மருத்துவர்கள் தினசரி மாத்திரை தருவதுண்டு. அவர்களுக்கு வைரஸ் வெளிவருவதும் ஓரளவு குறையும்.

வீட்டில் மிச்சமிருக்கும் "எல்லாத் தோல் வியாதிக்குமான" களிம்பை மட்டும் தயவுசெய்து உதட்டில் வைக்காதீர்கள். எங்கள் பகுதியில் அரிப்பு, படை, பரு எல்லாவற்றுக்கும் அதையே தடவுகிறார்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வைரஸ் புண்ணின் மேல் அதைத் தடவினால் புண் பரந்து, ஆறவும் நாளாகும். பற்பசையும் வேண்டாம்.

வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது. பார்க்க வருகிறவர்களை முத்தம் கொடுக்காதே என்று எப்படிச் சொல்வது?

இந்த ஒரு விஷயத்தில் நான் கறார். பெரியவர்களுக்கு உதட்டில் நான்கு கொப்புளம் என்பதோடு முடிகிற வைரஸ், பிறந்து நான்கு வாரத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு மூளையையும் ஈரலையும் தாக்கி உயிரைக் கொண்டுபோகக்கூடும். அரிதுதான், ஆனால் வந்தால் மணிக்கணக்கில் முற்றும். கொப்புளம் உள்ளவர்கள் குழந்தையின் பக்கமே போக வேண்டாம். கொப்புளம் இல்லாதவர்களும் அந்த முதல் சில வாரங்கள் முகத்திலும் கையிலும் முத்தம் கொடுக்காமல் இருப்பது நல்லது. ஏன் என்பதற்கு ஓசையில்லாத நாட்களைப் பற்றிச் சொன்னதே பதில். தாய்க்கே உதட்டில் வந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம். மார்பில் புண் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது. "டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கர்ப்பிணிகளுக்கு இன்னொன்று. தாய்க்குப் பல வருடமாக இருக்கும் தொற்றால் குழந்தைக்கு ஆபத்து குறைவு. தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்கும் போகிறது. கடைசி மூன்று மாதங்களில் பிறப்புறுப்பில் முதல் முறையாகத் தொற்றுவதுதான் பெரிய ஆபத்து. அதனால் கணவருக்கு உதட்டில் வரும் வழக்கம் இருந்து, மனைவிக்கு இதுவரை எதுவும் இல்லை என்றால், அந்த மூன்று மாதங்கள் வாய்வழி உறவை நிறுத்திவைப்பது நல்லது.

எப்போது மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்?

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம். வைரஸ் கருவிழிக்குப் போனால் பார்வை கெடலாம், அதில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தானாக வாங்கிப் போடுவது இன்னும் கெடுக்கும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, தோலில் கொப்புளம் தெரிந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கரப்பான் படை உள்ளவர்கள், இரண்டு வாரமாகியும் புண் ஆறாதவர்கள் ஆகியோரும் காட்ட வேண்டும்.

பிறப்புறுப்பில் புண் என்றால் கூச்சப்பட்டு மருந்துக் கடையோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே வரும் புண் எல்லாம் ஹெர்பிஸ் அல்ல, சிபிலிஸும் இருக்கலாம், அதற்கு ஊசியே உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காட்டலாம், அல்லது சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில். முகம் காட்டாமல் முதலில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைக்கலாம், எச்.ஐ.வி.க்கான எண் என்றாலும் பால்வினைத் தொற்றுகள் பற்றியும் சொல்வார்கள்.

பெண்ணுக்கு வரன் பேசுகிறோம். அவளுக்கு எப்போதாவது உதட்டில் வரும். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

மாப்பிள்ளை வீட்டில் சொல்ல ஒன்றும் இல்லை. தட்டு மாற்றும் சபையில் பேசுகிற விஷயமா இது? அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே வைரஸ் இருக்கும்.

மாப்பிள்ளையிடம் பெண் சொல்வது வேறு. நெருக்கம் வரும்போது அவள் வாயால், சாதாரணக் குரலில் சொன்னால் போதும்: "எனக்கு அவ்வப்போது உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளம் வரும். வந்தால் சொல்கிறேன், அப்போது முத்தம் வேண்டாம். வராத நாளிலும் கொஞ்சம் ஆபத்து உண்டு." இந்த மூன்றாவது வாக்கியத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் அது விடுபட்ட இடத்தில்தான். இப்படிக் கேட்டு வரும் அம்மாக்களிடம் நான் ஒரு கேள்வி திருப்பிக் கேட்பதுண்டு: மாப்பிள்ளைக்கு வருமா என்று விசாரித்தீர்களா? யாரும் விசாரித்திருப்பதில்லை.

எனக்கும் இருக்கிறது, அவருக்கும் இருக்கிறது. இனி எங்களுக்குள் ஜாக்கிரதை எதற்கு?

இருவருக்கும் எச்.எஸ்.வி.-1 பழைய தொற்றாக இருந்தால், உங்களுக்குள் முத்தத்துக்குத் தடை தேவையில்லை. ஒருவருக்குக் கொப்புளம் வந்ததால் மற்றவருக்குக் கிளம்பிவிடாது, அவரவர் நரம்பில் இருப்பது அவரவர் நேரத்தில் வரும். புண் உள்ள நாட்களில் வலி, வெடிப்பு, ரத்தக் கசிவு இருக்கும், அதற்காக விலகி இருந்தால் சரி.

ஆனால் "இருக்கிறது" என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். அவருக்கு வருவது வாய்ப்புண்ணாக இருந்தால் இந்தக் கணக்கே தப்பு. இரண்டாவது கேள்விக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வகை 1, மற்றவருக்குக் கீழே வகை 2 என்றாலும் கணக்கு தப்பு, ஒரு வகை இருப்பது இன்னொரு வகையை முழுதாகத் தடுக்காது. புதிதாகத் தொற்றியவர் முதல் சில வாரங்கள் கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காமல், கான்டாக்ட் லென்ஸை எச்சில் தொட்டுப் போடாமல் இருக்க வேண்டும். எச்சில் தொட்டு லென்ஸ் போடுவது எந்தக் காலத்திலும் கூடாது என்பது வேறு விஷயம்; கல்லூரிப் பிள்ளைகள் அதைச் செய்வதைப் பேருந்து நிறுத்தத்திலேயே பார்க்கிறேன்.